சீட் பெல்ட்டின் கடைசி முழம்

ஜாரட் வின்ஸ்லோவின் முகத்தைப் பார்க்காமல் கோல்ட் கோஸ்ட்டில் யாரும் ஒரு நாளைக் கழிக்க முடியாது. பஸ் நிற்கும் இடத்து பெஞ்சு ஒவ்வொன்றின் முதுகிலும் அவன்தான். வீடு விற்கும் தரகன். முப்பத்திரண்டு பல்லையும் காட்டிக்கொண்டு கிடப்பான். என் பட்டறைக்கு எதிரே உள்ள பெஞ்சுக்கு ஒரு நாய் தினமும் காலையில் வந்து, அவன் மோவாய் இருக்கும் பக்கமாகக் காலைத் தூக்கிவிட்டுப் போகும். அந்த நாய்க்கு நான் பிஸ்கெட் போடுவதுண்டு.

நான் கோரலி. நெராங்கில் பட்டறை வைத்திருக்கிறேன். விலை கூடின கார்களுக்கு எஞ்சின் வேலை. இருபத்தாறு வருஷம் ஆயிற்று. ஆரம்பத்தில் 'பொம்பளை கையில எஞ்சினா' என்று சிரித்தவன்கள் எல்லாம் இன்றைக்கு என் வாசலில் வரிசையில் நிற்கிறான்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். இந்த விஷயத்தில் நான் பண்ணின அசிங்கமே அந்தப் பெருமையால் வந்ததுதான். அதனால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

மார்ச் மாதம், பெருமழை விட்ட நாலாவது நாள், ஜாரட்டின் கார் ஒரு லாரியின் முதுகில் ஏறி வந்தது. இத்தாலிக் கார். இரண்டே பேர் உட்காரலாம். எஞ்சின் முதுகுக்குப் பின்னால், கண்ணாடி மூடிக்கு அடியில், நகைக்கடையில் வைத்த மாதிரி தெரியும். நம்பர் பிளேட்டில் 'விற்றாச்சு' என்று அர்த்தம் வரும்படி காசு கொடுத்து எழுத்து வாங்கி மாட்டியிருந்தான்.

"என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல டார்லிங். ஒரு ஏலத்துக்கு லேட் ஆயிடுச்சு. ரோட்ல கொஞ்சம் தண்ணி. மெதுவாப் போயிருக்கணும், போகல. சர்ருனு உறிஞ்சிடுச்சு."

அவனுக்கு எல்லாரும் டார்லிங்தான். லாரி ஓட்டி வந்தவனையும் டார்லிங் என்றுதான் கூப்பிட்டான். அந்த ஆள் காதில் விழாத மாதிரி சங்கிலியை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

எஞ்சினுக்குள் காற்று போகிற இடத்தில் தண்ணீர் போனால், தண்ணீர் நசுங்காது, இரும்புதான் வளையும். பிரித்துப் பார்த்தேன். பிஸ்டனைத் தள்ளுகிற கனெக்டிங் ராடு இரண்டு முழங்கை மாதிரி மடங்கிக் கிடந்தது. ஒன்று எஞ்சினின் பக்கச் சுவரைக் கிழித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. அந்த எஞ்சினுக்கு இனி உயிர் இல்லை. சிட்னியில் முன்பக்கம் நசுங்கிப் போன இதே மாதிரிக் கார் ஒன்றிலிருந்து, ஒன்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடின எஞ்சின் ஒன்று கிடைத்தது. அதை இறக்கி மாட்டினேன். பதினோரு வாரம். என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை. ஒவ்வொரு போல்ட்டுக்கும் அளவு பார்த்து இறுக்கி, ஒவ்வொன்றையும் படம் எடுத்து, புது எஞ்சின் நம்பரைப் போக்குவரத்து அலுவலகத்தில் முறைப்படி பதிந்தேன்.

இப்போது நான் முதலில் சொன்ன அந்த அசிங்கம். எஞ்சினை வெளியே எடுக்க, சீட்டுக்குப் பின்னால் இருக்கிற தடுப்புப் பலகையைக் கழற்ற வேண்டும். கழற்றினேன். அதன் அடி விளிம்பில், ஒயர்கள் போகிற இடத்தில், கோக்கோ தூள் மாதிரி பழுப்பாய் ஒரு படலம். விரலில் தொட்டு மோந்து பார்த்தேன். வண்டல்.

ரோட்டுத் தண்ணீரில் வேகமாகப் போனால் எஞ்சின் உறிஞ்சும். ஆனால் சீட்டுக்குப் பின்னால் வண்டல் ஏறாது. அதற்குக் கார் நிற்க வேண்டும். மணிக்கணக்கில், ஜன்னல் மட்டம் வரைக்கும், அசையாமல் தண்ணீரில் நிற்க வேண்டும். ஜாரட் இருப்பது கால்வாய் ஓரத்து அடுக்குமாடியில். அந்த வாரம் அங்கே தரைக்குக் கீழே இருந்த கார் நிறுத்தும் இடமெல்லாம் கால்வாய்த் தண்ணீர் புகுந்து நிரம்பியது ஊருக்கே தெரியும். தண்ணீர் வடிந்ததும் இந்தப் புத்திசாலி சாவியைப் போட்டுத் திருகியிருக்கிறான். அவ்வளவுதான் நடந்தது.

அதை அவன் ஏன் மறைத்தான் என்பதும் எனக்குத் தெரியும். காப்பீட்டுக்காரனிடம் சொன்னால், வெள்ளத்தில் மூழ்கின கார் என்று அரசாங்கப் பதிவேட்டில் ஏறிவிடும். ஏறினால் அந்தக் கார் மறுபடி ரோட்டுக்கு வர முடியாது, உதிரிக்குத்தான் விற்கலாம். எஞ்சின் மாற்றின கார் என்றால் விற்கலாம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு துணியை எடுத்தேன். துடைத்தேன். துணியைக் குப்பையில் போட்டேன். பில் எழுதும்போது, "எஞ்சின் மாற்றப்பட்டதுன்னு மட்டும் போடு டார்லிங், தண்ணி கிண்ணி எல்லாம் எதுக்கு?" என்றான். அப்படியே போட்டேன். அதில் பொய் ஒரு வரி கிடையாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பர்லி கடற்கரையில் கார்க்காரர்கள் எல்லாம் கூடுவார்கள். கையில் காப்பியோடு ஒருத்தன் காரை ஒருத்தன் குனிந்து பார்ப்பான். கண்ணாடி மூடியைத் திறந்து இந்த எஞ்சினைப் பார்த்துவிட்டு, "யார் கை இது?" என்று கேட்பார்கள். "கோரலி கை" என்று பதில் வரும். அதைக் கேட்க எனக்கு ஆசை. அந்த ஆசைக்காக வாயை மூடிக்கொண்டேன். த்தூ.

ஜூலையில் ஜாரட் காரை விற்கப் போட்டான். விளம்பரத்தில் முதல் வரியே 'எஞ்சின் மாற்றப்பட்டது, எதையும் மறைக்கவில்லை' என்பதுதான். மடங்கிப் போன அந்த கனெக்டிங் ராடு ஒன்றை என்னிடம் கேட்டு வாங்கிப் போய், பாலிஷ் போட்டு, மரப்பீடத்தில் நிறுத்தி, ஏதோ கோப்பை ஜெயித்த மாதிரி கொண்டுவந்தான்.

"இதைப் பார்த்தாலே வாங்குறவன் உருகிடுவான். எவ்வளவு நேர்மையான ஆளுன்னு நினைப்பான்."

"நீயா நேர்மை?"

"சேச்சே, நான் இல்ல டார்லிங், நீ. உன் பில், உன் பட்டறை. ஆளை இங்கயே வரச் சொல்றேன். என் வாயை எவனும் நம்ப மாட்டான். உன் மூஞ்சியை நம்புவான்."

அது வரைக்கும் அவன் வாழ்க்கையில் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

வாங்க வந்தது ரென்சோ என்கிற பெரியவர். வடக்கே இங்ஹாமில் கரும்புக்காரர். அப்பா இத்தாலியிலிருந்து கரும்பு வெட்ட வந்தவராம். நேரில் வருவதற்கு முன்னால் மூன்று வாரம் தினமும் சாயங்காலம் எனக்குப் போன் பண்ணினார். எஞ்சினைப் பற்றி அவர் கேட்காத கேள்வி இல்லை. எந்த எண்ணெய், எந்த சிலிண்டரில் எவ்வளவு அழுத்தம், பழைய எஞ்சினிலிருந்து எதையாவது எடுத்து மாட்டினாயா, எல்லாம். நான் சொல்லச் சொல்ல மறுமுனையில் அவர் எழுதிக்கொள்வது கேட்கும். பின்னாலிருந்து அவர் சம்சாரம் இனெஸ், "அந்தப் பொண்ணு சாப்பிட்டாளான்னு கேளு, சும்மா எஞ்சின் எஞ்சின்னு பிடுங்காத" என்று கத்துவதும் கேட்கும்.

அவர்கள் கதை அந்த மூன்று வாரத்தில் எனக்கு மனப்பாடம். ஜூன் முதல் டிசம்பர் வரைக்கும் கரும்பு அரவை. மற்ற மாதங்களில் மழையும் வெள்ளமும். கல்யாணமான நாற்பத்தொரு வருஷத்தில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வாரம்கூட வெளியூர் போனதில்லை. போன வருஷம் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டார். இருபது வயதில் ஒரு காலண்டரில் பார்த்த காராம் இது. "முட்டி மடங்குற வரைக்கும் அதுல ஏறி உட்காரு, அப்புறம் படம்தான் பார்க்கணும்" என்று இனெஸ்தான் வாங்கச் சொன்னது. வாங்கினதும் பெர்த் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போகிற திட்டம். வழியில் நல்லார்பர் வெளி. நூறு நூற்றைம்பது கிலோமீட்டருக்கு ஒரு பெட்ரோல் பங்க் இருந்தால் அதிர்ஷ்டம்.

ஒயர் இணைப்புக்குள் வண்டல் போன கார், இன்றைக்கு நன்றாகத்தான் ஓடும். பச்சைப் பூஞ்சை மாதிரி உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் நடுரோட்டில் விளக்கு, பிரேக், எல்லாம் ஒரேயடியாகச் செத்துப்போகும். அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான், "வாங்க, நேர்ல பாருங்க" என்று அந்த மனுஷனிடம் சொன்னேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார்கள். ரென்சோ இஸ்திரி போட்ட சட்டை, அரைக்கால் சட்டை, முழங்கால் வரைக்கும் வெள்ளைக் காலுறை. ஒவ்வொரு கையும் மண்வெட்டி அகலம். இனெஸ் அவர் தோளுக்குக்கூட எட்டாத பெண்மணி. கைப்பையிலிருந்து செய்தித்தாள் சுற்றின ஒரு ஜாடியை எடுத்து என் வேலை மேசை மேல் வைத்தார்.

"ரோசெல்லாப் பழ ஜாம். நம்ம தோட்டத்துது. உனக்குத்தான். இவர் மூணு வாரமா உன் உசிரை வாங்கினாரே, அதுக்கு."

"ஐயோ, எதுக்கு இதெல்லாம்" என்றேன்.

"சும்மா இரு. ஒல்லியா இருக்க. ரொட்டில தடவிச் சாப்பிடு."

ஜாரட் வாசனைத் திரவியத்தில் குளித்துவிட்டு வந்திருந்தான். காருக்குள்ளும் தோல் வாசனை வரும் ஏதோ ஒன்றை அடித்து, நாற்றத்தை அமுக்க சீட்டுக்கடியில் காப்பிக்கொட்டை மூட்டை ஒன்றை ஒளித்து வைத்திருந்தான். ரென்சோவின் தோளில் கை போட்டு, பீடத்து ராடைக் காட்டி, "பாருங்க சார், நான் திறந்த புத்தகம்" என்றான். ரென்சோ அந்த ராடைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாவம், மனிதர் நிஜமாகவே உருகிப்போனார்.

"எனக்கு ஒளிவு மறைவு இல்லாத ஆளுங்கதான் பிடிக்கும்" என்றார்.

நான் அவர் கையிலிருந்த ராடைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டேன்.

அதற்கப்புறம் ரென்சோ அட்டையைத் தரையில் விரித்து மல்லாக்கப் படுத்தார். கரும்பு வெட்டும் இயந்திரத்தை எப்படிப் பார்ப்பாரோ அப்படித்தான் இதையும் பார்த்தார். எண்ணெய் கசிகிறதா, பெல்ட் இறுக்கமா, காதை வைத்து எஞ்சின் ஓசை. எஞ்சின் சரி என்றால் எல்லாம் சரி. அவர் ஊர் வாகனத்தில் கம்பளமும் தோல் சீட்டும் எங்கே இருக்கிறது, பார்ப்பதற்கு? ஒன்றரை மணி நேரத்தில் காரின் உள்பக்கம் அவர் தலையை நீட்டவே இல்லை. உள்ளே போனது இனெஸ்தான். இடது பக்கக் கதவைத் திறந்து, "இதென்ன குழிக்குள்ள இறங்குற மாதிரி" என்று முனகிக்கொண்டே உட்கார்ந்தார். இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. மெதுவாகத் தலையை வெளியே நீட்டினார்.

"ரென்சோ, இங்க வாயேன். இது நம்ம வீட்டு அடுப்படி நாத்தம்."

"என்னது?"

"ஆத்துத் தண்ணி உள்ள வந்து வடிஞ்சதுக்கப்புறம் அலமாரியைத் திறந்தா அடிக்குமே, அது."

ஜாரட் கடகடவென்று சிரித்தான். "அது அசல் இத்தாலித் தோல் டார்லிங். உங்க ஊர்க்காரங்களுக்கே தெரியலன்னா எப்படி?"

ரென்சோ எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "இவளுக்கு எங்க போனாலும் வெள்ள நாத்தம்தான்பா. டவுன்ஸ்வில் ஹோட்டல்லயும் இதையேதான் சொன்னா."

"அந்த ஹோட்டல்லயும் வெள்ளம் வந்துச்சே!" என்றார் இனெஸ்.

"சரி சரி. இதோ, வேலை செஞ்சவளையே கேட்டுடலாம்." ரென்சோ என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. இந்த வண்டி தண்ணிக்குள்ள நின்னுச்சா?"

கட்டின பெண்டாட்டியின் மூக்கை விட்டுவிட்டு, மூன்று வாரம் முன்னால் அறிமுகமான என் வாயை நம்பினார் மனிதர். எஞ்சின்காரி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அப்படி ஒரு நம்பிக்கை.

ஜாரட் பல்லைக் காட்டிக்கொண்டு என்னையே பார்த்தான்.

"நான் எஞ்சின் மட்டும்தான் பார்த்தேன்" என்றேன். "எஞ்சின் நல்லா இருக்கு."

இனெஸ் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதட்டலும் இல்லை, சந்தேகமும் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லையே என்று பார்த்தார், அவ்வளவுதான். நான் கையில் இருந்த துணியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தேன். கருமம், எப்போதும் துணிதான் என் கையில்.

பிறகு ஓட்டிப் பார்க்கப் போனார்கள். ரென்சோ ஓட்ட, பக்கத்தில் இனெஸ். அரைமணி கழித்துத் திரும்பினார்கள். இறங்கும்போது ரென்சோவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! காதெல்லாம் சிவந்து போயிருந்தது. ஜாரட் உடனே என் மேசை மேல் பத்திரங்களைப் பரப்பி, பேனாவைத் திறந்து கையில் கொடுத்தான். ரென்சோ கண்ணாடியைத் தேடினார்.

இனெஸ் இறங்கவில்லை. சீட்டில் இருந்தபடியே, "ஏம்மா கோரலி, இங்க ஒரு சிவப்பு விளக்கு எரிஞ்சு எரிஞ்சு அணையுதே, அது என்ன? ஒரு ஆள் மடியில பந்து வெச்சுட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி" என்றார்.

"பெல்ட் போடச் சொல்லுது டார்லிங்" என்றான் ஜாரட், காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

"பெல்ட் போட்டுத்தானே இருக்கேன்."

அது பெல்ட் விளக்கு இல்லை. ஏர்பேக் விளக்கு. மோதினால் பலூன் மாதிரி விரிந்து ஆளைக் காப்பாற்ற வேண்டியது அது. அதை இயக்குகிற பெட்டி இந்தக் காரில் இரண்டு சீட்டுக்கும் நடுவே, தரையோடு தரையாக இருக்கிறது. முதலில் நனைகிற இடம். நனைந்த பெட்டி மோதினால் திறக்காமல் போகலாம். மோதாமலே, நூறு கிலோமீட்டர் வேகத்தில், முகத்தில் வெடிக்கவும் வெடிக்கலாம். இனெஸ் குள்ளம் என்பதால் சீட்டை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, ஏர்பேக் ஒளிந்திருக்கிற முன் பலகைக்கு ஒரு சாண் தூரத்தில், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெர்த் வரைக்கும் அப்படித்தான் உட்கார்ந்து போவார்.

நான் ஸ்பேனரை வைத்துவிட்டு நடந்தேன்.

"கொஞ்சம் இறங்குங்கம்மா" என்றேன். இறங்கினார். நான் குனிந்து அந்த சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தேன். சாதாரணமாக யாரும் பெல்ட்டை மார்பைச் சுற்றி வருகிற அளவுக்குத்தான் இழுப்பார்கள். மிச்சம் உள்ளே சுருண்டே கிடக்கும். காரைக் கழுவுகிறவனும் அதோடு நிறுத்திவிடுவான். நான் கடைசி வரைக்கும் இழுத்தேன். முதலில் வந்தது நல்ல கறுப்பு. அப்புறம் லேசாய் வெளுப்பு. கடைசி முழம் வரும்போது பெல்ட் துணி மாதிரியே இல்லை, விறைத்துப்போன அட்டை. குறுக்கே பழுப்பாய் ஒரு கோடு. மடக்கினேன். காய்ந்த வண்டல் பொலபொலவென்று வெள்ளைத் தோல் சீட்டில் உதிர்ந்தது. இவ்வளவு நாள் அடைந்து கிடந்த நாற்றம் குப்பென்று கிளம்பியது. சாக்கடை, டீசல், செத்த மீன், எல்லாம் சேர்ந்த நாற்றம்.

"ரென்சோ சார்," என்றேன், "பேனாவை வெச்சிடுங்க. இந்தக் கார் தண்ணிக்குள்ள நின்ன கார். கையெழுத்துப் போடாதீங்க."

ரென்சோ வந்து குனிந்தார். உதிர்ந்ததை இரண்டு விரலில் எடுத்துத் தேய்த்தார். கரும்புக்காரருக்கு வண்டல் எது என்று சொல்லித் தர வேண்டியதில்லை.

"பீச் மணல்! அது பீச் மணல் சார்!" என்று ஓடிவந்தான் ஜாரட். "நான் அலைச்சறுக்கு போறவன். நனைஞ்ச டிரௌசரோட உட்கார்ந்திருப்பேன்."

"ஓட்டுற சீட்டை விட்டுட்டு, இந்தப் பக்கத்து சீட்லயா?" என்றார் இனெஸ்.

அதற்கு மேல் அவனுக்குப் பொய் ஓடவில்லை. என் பக்கம் திரும்பினான். பல் அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறிவிட்டது.

"ஓஹோ, திடீர்னு யோக்கியக்காரி ஆயிட்டியா? சார், இவளைக் கேளுங்க. பின்னாடி பலகையைக் கழட்டினது யாரு? நானா? உள்ள இருந்ததைப் பார்த்தது யாரு? பதினோரு வாரம் இந்த வண்டியைக் குடைஞ்சவளுக்கு இன்னைக்குத்தான் நாத்தம் அடிச்சுதாமா?"

அவன் வாயிலிருந்து உண்மை வரும்போது கேட்க எவ்வளவு கேவலமாக இருக்கிறது தெரியுமா?

இனெஸ் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"மார்ச்ல."

"அப்போ காலைல இவர் கேட்டாரே, அப்பவும் தெரியும்."

"தெரியும்மா."

"இந்த மூணு வாரம் போன்ல பேசினப்பவும்."

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

ரென்சோ காரின் பின்பக்கம் போனார். திறந்திருந்த கண்ணாடி மூடிக்குள் ஒரு தடவை பார்த்தார். என் வேலையைத்தான் பார்த்தார். போல்ட் வரிசை, ஒயரைக் கட்டின விதம், எல்லாம். பிறகு மூடியைச் சத்தம் வராமல் சாத்தினார்.

"எஞ்சின் வேலை சுத்தமா இருக்கும்மா" என்றார். "நல்லா பண்ணியிருக்க." அதை அவர் திட்டாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இத்தனை மாதமாக யாராவது சொல்ல மாட்டார்களா என்று நான் ஏங்கிக் கிடந்த வார்த்தை அதுதான். அந்த நேரத்தில் அது வந்தபோது முகத்தில் துப்பின மாதிரி இருந்தது.

இரண்டு பேரும் டாக்சிக்குப் போன் பண்ணிவிட்டு, வெளியே போய் அந்த பஸ் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஜாரட்டின் பல் மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு.

உள்ளே ஜாரட் பத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தான். கோபம் அதற்குள் போய்விட்டது அவனுக்கு. கோபம்கூட அவனிடம் தங்காது.

"விடு டார்லிங், எல்லாருக்கும் ஒரு நாள் மனசாட்சி குத்தும்" என்றான். "மெல்போர்ன்ல ஒரு பல் டாக்டர் இருக்கான். நேர்ல வர மாட்டான், படம் பார்த்தே வாங்குவான். பெல்ட் ரெண்டும் புதுசு மாத்திடலாம். நீதான் மாத்தித் தரணும். நம்ம ரெண்டு பேரும் ஒரே படகுலதான் இருக்கோம்."

நம்ம ரெண்டு பேரும். அந்த வார்த்தை என் மேல் எச்சில் மாதிரி ஒட்டியது. பெஞ்சில் பார்த்து இத்தனை நாள் நான் காறித் துப்பின மூஞ்சிக்குப் பக்கத்திலேயே என் மூஞ்சியும் இருந்திருக்கிறது.

"வெளிய போடா" என்றேன்.

"என்ன?"

"வண்டியை எடுத்துட்டு வெளிய போ. அந்த ராடை வெச்சுட்டுப் போ, அது என் பட்டறைச் சாமான்."

அவன் சிரித்துக்கொண்டேதான் போனான். போகட்டும் என்று விட்டேன். ஆனால் அதற்குள் பெல்ட்டையும், அதிலிருந்த பழுப்புக் கோட்டையும், சீட்டில் உதிர்ந்ததையும், நம்பர் பிளேட்டையும் என் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். பில் பிரதியை எடுத்து மேசை மேல் போட்டேன். 'எஞ்சின் மாற்றப்பட்டது' என்கிற வரிக்குக் கீழே என் கையால் எழுதினேன்: இந்தக் கார் வெள்ளத்தில் மூழ்கியது. மார்ச் மாதம் உள்ளே வண்டலைப் பார்த்தேன். துடைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. தேதி போட்டு, முழுப் பெயர், உரிம எண், கையெழுத்து. திங்கட்கிழமை இது போக்குவரத்து அலுவலகத்துக்குப் போகும். காரைப் பதிவேட்டில் ஏற்றுவார்கள். என் உரிமத்தை என்ன செய்வார்கள் என்பது அவர்கள் பாடு.

நிமிர்ந்து பார்த்தால் வாசலில் இனெஸ் நின்றுகொண்டிருந்தார். தனியாக.

எனக்கு உள்ளுக்குள் ஒரு அற்ப சந்தோஷம். திரும்பி வந்துவிட்டாரே, ஒரு நல்ல வார்த்தை சொல்லத்தான் வந்திருக்கிறார், கடைசியில் காப்பாற்றினது நான்தானே என்று. ஓடிப் போய் அந்தக் காகிதத்தை நீட்டினேன்.

"படிச்சுப் பாருங்கம்மா. திங்கட்கிழமை அனுப்பிடுவேன்."

கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். அவசரமே படாமல், கடைசி வரி வரைக்கும் படித்தார். கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டார். காகிதத்தை மடக்காமல் திருப்பிக் கொடுத்தார்.

"சரியா எழுதியிருக்க. அனுப்பு" என்றார்.

பிறகு என்னைத் தாண்டி மேசைக்குப் போனார். செய்தித்தாள் சுற்றின ஜாடியை எடுத்தார். கைப்பைக்குள் வைத்து, கொக்கியைப் போட்டார்.

"டாக்சி வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மேசையில் ஜாடி இருந்த இடத்தில், கசிந்த ஜாம் வட்டமாகச் சிவப்பாய் ஒட்டியிருந்தது. வழக்கம்போல் துடைக்கத் துணியை எடுத்தேன். அதைத் துடைக்க எனக்குக் கை வரவில்லை. துணியைக் கீழே போட்டுவிட்டு, வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.